ஒரு பழைய ஃபெராரியின் தாய்ப்பத்திரம்: யார் யார் கையில் இருந்தது என்று தேடிப் பிடிக்கும் வழி

நிலம் வாங்கப் போகிறவர் விற்பவரின் கதையை மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார். மறுநாளே வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டுவிடுவார். யார் யாருக்கு விற்றார், நடுவில் அடமானம் உண்டா, தாய்ப்பத்திரம் எங்கே என்று குடைந்து எடுத்த பிறகுதான் முன்பணம் தருவார். அதே மனிதர் 1960களின் இத்தாலியக் கார் ஒன்றுக்குப் பல கோடி கொடுக்கும்போது மட்டும் வழவழப்பான ஏலப் பட்டியலில் நான்கு பத்தி படித்துவிட்டுக் கையை உயர்த்திவிடுகிறார். எனக்கு இது இன்றுவரை விளங்காத புதிர்.

காருக்கும் தாய்ப்பத்திரம் உண்டு. என்ன, அது ஒரே இடத்தில் இருக்காது. ஒரு துண்டு இத்தாலியின் மொடேனாவில், இன்னொன்று அமெரிக்காவின் கனெக்டிகட்டில், மூன்றாவது ஏதோ ஒரு மெக்கானிக்கின் பரணில் என்று சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடிச் சேர்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஃபெராரியின் 250 வரிசையை எடுத்துக்கொள்கிறேன். 250 என்பது ஒரு சிலிண்டரின் தோராயமான கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். அப்படிப் பன்னிரண்டு சிலிண்டர்கள், ஆகச் சுமார் மூன்று லிட்டர். அந்த வரிசையின் உச்சியில் இருக்கும் 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. லான்சியா, ஆல்ஃபா ரோமியோ, மசராட்டி, லம்போர்கினி வைத்திருப்பவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் இரும்பு, பிறகு காகிதம்

கதை கேட்பதற்கு முன்பு காருக்குள் தலையை விடுங்கள். நீங்கள் யாருடைய வரலாற்றைத் தேடுகிறீர்கள் என்பதே தெரியாமல் காகிதங்களைச் சேர்ப்பது, பெயர் தெரியாத பையனுக்கு ஜாதகம் பார்ப்பது போல.

250 வரிசையில் சேசிஸ் எண் சட்டத்தின் முன்பக்கம், முன் சஸ்பென்ஷன் அருகே அடிக்கப்பட்டிருக்கும். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் புரோக்கர்கள் பென்சிலால் சேசிஸ் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடையுங்கள். உப்புத்தாள், கம்பிப் பிரஷ் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். மெல்லிய தாளை வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் எழும்பி வரும். பிறகு கட்டைவிரலால் எண்ணைச் சுற்றித் தடவிப் பாருங்கள். பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் அங்கே ஒரு சிறு பள்ளம் விரலுக்குத் தட்டும், கண்ணுக்குத் தெரியாமல் போனாலும். அசல் எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உளியைச் சுத்தியலால் அடித்துப் பதித்தவை. ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும். நூல் பிடித்தது போல வரிசையாக நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அன்றைய ஃபெராரியில் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயத்துக்கென்றே செய்த கார்களுக்கு இரட்டைப்படை எண் என்று பொது வழக்கம் இருந்தது. ஜிடிஓ பந்தயத்தில் வென்ற கார் ஆனாலும் ஜிடி, அதாவது 'கிராண்ட் டூரிங்' வகையைச் சேர்ந்ததால் ஒற்றைப்படை எண்ணும் 'ஜிடி' எழுத்தும் பெற்றது. ஃபெராரி 'டீனோ' என்ற பெயரில் செய்த 246 கார்களுக்குத் தனியாக இரட்டைப்படை வரிசை. எண் வகைக்குப் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள். ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பவே கூடாது. அந்தத் தகட்டைக் கடையில் செய்து வாங்கலாம்.

சேசிஸ் எண்ணோடு நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். அடுத்துக் குறிக்க வேண்டியது இன்ஜினில் இருக்கும் இரண்டு எண்கள். ஒன்று சேசிஸோடு பொருந்த வேண்டிய எண். மற்றது தொழிற்சாலை தன் கணக்குக்காக அடித்த 'நூமெரோ இன்தெர்னோ', அதாவது உள் எண். கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் அப்படி உள் எண்கள் உண்டு. முதல் எண்ணைப் பொய்யாக அடிக்கிறவன் பெரும்பாலும் இரண்டாவதை மறந்துவிடுவான், அல்லது தொழிற்சாலைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

பாடி கட்டியவர்களும் தங்கள் எண்ணை விட்டுப்போயிருக்கிறார்கள். பினின்ஃபரீனா, ஸ்காக்லியெத்தி, ட்சகாத்தோ, டூரிங், பெர்த்தோனே எல்லாரும் தகடுகளின் உட்புறத்தில் சின்னதாக எண் அடித்தார்கள். பானெட்டின் உள்ளே, கதவுக்குள், இருக்கைத் தட்டின் முதுகில் தேடுங்கள். சில சமயம் மெழுகுப் பென்சிலால் கையால் எழுதிய எண்ணே கிடைக்கும். பானெட்டில் ஓர் எண், டிக்கியில் இன்னொன்று என்றால் ஏதோ ஒரு விபத்தும் ஏதோ ஒரு மாற்றுத் தகடும் கதையில் உண்டு. தப்பில்லை, ஆனால் அந்த விபத்து உங்கள் கோப்பில் இடம்பெற வேண்டும்.

தொழிற்சாலை எவ்வளவு சொல்லும்

ஃபெராரியில் இதற்கென்று கிளாசிக்கே என்ற பிரிவு இருக்கிறது. உரிமையாளர் விண்ணப்பித்தால், காரைத் தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவின் ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். சிவப்பு அட்டை போட்ட தொகுப்பாக வரும். லம்போர்கினிக்கு 2015இல் தொடங்கிய போலோ ஸ்டோரிகோ. மசராட்டியும் 2021இல் கிளாசிக்கே என்று தொடங்கியது. ஆல்ஃபா, லான்சியா, ஃபியட், அபார்த் நான்குக்கும் தோரினோவில் ஹெரிடேஜ் பிரிவு இருக்கிறது. 240 மட்டுமே செய்யப்பட்ட லான்சியா அவ்ரேலியா பி24 ஸ்பைடர் போன்ற ஒன்றை வைத்திருப்பவர் போய் நிற்க வேண்டிய கதவு அதுதான்.

லம்போர்கினி 1970களில் கைமாறி, 1978இல் திவாலும் ஆன கம்பெனி. அந்தக் காலக் காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்காமல் போவது நல்லது.

தொழிற்சாலைத் தாள் மூன்று விஷயங்களை நன்றாகச் சொல்லும்: எப்போது முடிந்தது, என்ன நிறத்தில் வெளியே போனது, முதலில் யாருக்கு அனுப்பப்பட்டது. அந்த 'யாருக்கு' பெரும்பாலும் டீலர். அமெரிக்கா போன ஃபெராரி என்றால் லூயிஜி கினெத்தி. லெ மான் பந்தயத்தை 1932, 1934, 1949 என மூன்று முறை வென்ற அதே மனிதர்தான் பிறகு அமெரிக்காவுக்கு ஃபெராரியை இறக்குமதி செய்தார். பெல்ஜியம் என்றால் ஜாக் ஸ்வாட்டர்ஸின் கராஜ் ஃபிராங்கோர்ஷான். பிரிட்டன் என்றால் கர்னல் ரோனி ஹோரின் மரனெல்லோ கன்செஷனயர்ஸ். முதல் உரிமையாளர் பெயருக்கு நீங்கள் அந்த டீலரின் பதிவேட்டைத் துரத்த வேண்டும். டீலரைத் தாண்டி ஐம்பது ஆண்டுகளில் யார் யார் ஓட்டினார்கள் என்பதைத் தொழிற்சாலையிடம் கேட்பது, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் இன்றைய கணக்கை அப்பாவிடம் கேட்பது மாதிரி.

இத்தாலியின் வில்லங்கச் சான்று

இந்தத் தேடலில் நான் மிகவும் மதிக்கும் காகிதம் இதுதான். இத்தாலியில் 1927 முதல் பி.ஆர்.ஏ. என்ற பொது வாகனப் பதிவேடு இருக்கிறது. நடத்துவது இத்தாலிய ஆட்டோமொபைல் கிளப். நம் ஊரில் கார் என்றால் ஆர்.சி. புத்தகம், நிலம் என்றால் சார்பதிவாளர். இத்தாலிக்காரர்கள் காரையும் நிலத்தைப் போலவே நடத்தினார்கள். ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகும், கடனுக்கு எழுதிக் கொடுத்தால் அடமானமும் பதிவாகும். அந்த முழுப் பட்டியலை 'எஸ்த்ராத்தோ க்ரோனோலோஜிகோ' என்பார்கள், காலவரிசைப் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே 'பொது' இருப்பதால் உரிமையாளர் மட்டுமல்ல, யாரும் கேட்டுப் பெறலாம்.

ஆனால் பழைய தொகுப்புகள் நம்பர் பிளேட் வரிசைப்படி எழுதப்பட்டவை. சேசிஸ் எண்ணோடு போனால் கையை விரிப்பார்கள். பிளேட் எண்தான் சாவி. பழைய இத்தாலிய பிளேட்டில் மாகாணத்தின் இரண்டெழுத்து, பிறகு எண்: எம்ஓ மொடேனா, பிஓ போலோன்யா, எம்ஐ மிலானோ, டிஓ தோரினோ. ரோமுக்கு மட்டும் முழுப் பெயர், தலைநகரத்தின் மிடுக்கு. அந்தக் காலத்தில் கார் வேறு மாகாணத்துக்குப் போனால் புது பிளேட் போட வேண்டும். அதனால் ஒரே காருக்கு மூன்று நான்கு பிளேட்டுகள் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுப்பு, தனி விண்ணப்பம்.

இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். 1962ஐ ஒட்டி எடுக்கப்பட்ட ஒரு கருப்பு வெள்ளைப் படத்தில் காரின் பின்புற பிளேட் கொஞ்சம் நிழலில் இருந்தது. 'எம்ஐ' என்று படித்து, மிலானோ தொகுப்புக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பல வாரம் காத்திருந்து வந்த பிரதியில் இருந்தது 1930களில் பதிவான ஒரு ஃபியட் பலில்லா. படத்தில் எண் ஐந்து இலக்கம். 1960களின் தொடக்கத்தில் மிலானோ போன்ற பெருநகரம் ஆறு இலக்கத்தில் எப்போதோ ஏறிவிட்டது. மொடேனா போன்ற சிறிய மாகாணம்தான் இன்னும் ஐந்தில் இருந்தது. இலக்கத்தை எண்ணியிருந்தாலே அது 'எம்ஓ' என்று தெரிந்திருக்கும். அன்றிலிருந்து எழுத்தைப் படிப்பதற்கு முன் இலக்கத்தை எண்ணுகிறேன்.

பிரதி கைக்கு வந்ததும் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, பெயர், ஊர், சில சமயம் விலை இருக்கும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். வரிக்காகக் குறைத்து எழுதுவது நமக்கு மட்டுமே சொந்தமான கலை இல்லை. பத்திரம் எழுதிய தேதியும் பதிவான தேதியும் வேறு வேறாக இருக்கும். இரண்டையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் அந்த நாட்களில் கார் உண்மையில் யாரிடம் இருந்தது என்பது தனிக் கேள்வி. கடைசி வரிதான் பல நேரம் மிக முக்கியம். 'ராதியாத்ஸியோனே' என்றால் பதிவேட்டிலிருந்து நீக்கம். காரணம் 'எஸ்போர்த்தாத்ஸியோனே' என்றிருந்தால் ஏற்றுமதி, நல்ல செய்தி. 'தெமொலித்ஸியோனே' என்றிருந்தால் உடைத்துப் போட்டது. உடைத்ததாக அரசே எழுதிய கார் உங்கள் முன் உயிரோடு நின்றால், வரி கட்டாமலிருக்கச் சொன்ன பொய்யாக இருக்கலாம், வேறொரு சட்டத்தில் அந்த எண்ணை அடித்ததாகவும் இருக்கலாம். இரண்டாவது இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

'இஇ' என்று தொடங்கும் பிளேட் கண்ணில் பட்டால் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்குக் கொடுத்தது. மரனெல்லோவில் காரை எடுத்து, ஐரோப்பாவில் ஒரு கோடை முழுக்க ஓட்டி, பிறகு கப்பலேற்றிய அமெரிக்கர்கள் நிறையப் பேர். அங்கிருந்து தேடல் கடல் தாண்டும்.

எல்லை தாண்டிய பிறகு

ஒவ்வொரு நாட்டின் காகிதத்துக்கும் ஒரு குணம் உண்டு. பிரிட்டனில் பிளேட் எண் காரோடு ஒட்டிக்கொண்டே போகும், அது பெரிய வசதி. பழைய லாக்புக் மடித்த அட்டையில் அடுத்தடுத்த உரிமையாளர் பெயர்களும் முத்திரைகளும் இருக்கும். அது கிடைத்தால் பொன். 1970களில் பதிவு வேலை உள்ளூராட்சிகளிடமிருந்து ஸ்வான்சீ நகரின் மத்திய அலுவலகத்துக்கு மாறியபோது பழைய பதிவேடுகளில் பல அழிந்தன. தப்பியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. இன்றைய வி5சி என்ற பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் 'பராமரிப்பவர்' மட்டுமே, சட்டப்படி உரிமையாளர் என்று அது எங்கும் சொல்வதில்லை.

ஜெர்மனியின் பழைய 'பிரீஃப்' என்ற வாகனச் சான்று முந்தைய உரிமையாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும். அமெரிக்காதான் கடினம். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, பழைய பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கும், 1994இன் தனியுரிமைச் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். அங்கே அரசை விட மனிதர்களின் பழக்கம்தான் உதவும். 1962இல் தொடங்கிய அமெரிக்க ஃபெராரி கிளப்பின் பழைய உறுப்பினர் பட்டியல்கள், 'ரோட் அண்ட் டிராக்' இதழின் பின்பக்க வரி விளம்பரங்கள், சர்வீஸ் பில்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். விளம்பரத்தில் தொலைபேசி எண் இருக்கும். அன்றைய டைரக்டரியில் பார்த்தால் அது ஒரு தெருவைக் காட்டும்.

பந்தயமும் புகைப்படமும்

பந்தயத்தில் ஓடிய கார் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நுழைவுப் பட்டியலில் ஓட்டுநர், காரை அனுப்பியவர், எண் எல்லாம் இருக்கும். 1927 முதல் 1957 வரை இத்தாலியில் நடந்த மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ஓடியிருந்தால், அது தொடங்கி முடிந்த பிரெஷ்யா நகரில் கேளுங்கள். புகைப்படங்களுக்கு ஃபுளோரிடாவில் நேப்பிள்ஸ் நகரில் இருக்கும் ரெவ்ஸ் நிறுவனத்தின் இணையக் காப்பகத்தில் மணிக்கணக்கில் மூழ்கலாம், நான் மூழ்கியிருக்கிறேன்.

சங்கிலி முழுமையாக இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க 3851ஜிடி என்ற ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ஜோ ஷ்லெஸ்ஸரும் ஆன்ரி ஒரேயேவும் அதில் டூர் டி ஃபிரான்ஸ் கார் பந்தயத்தில் இரண்டாவது வந்தார்கள். ஒரேயே 1948 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம் வென்றவர். சில வாரங்களிலேயே, அக்டோபர் 7 அன்று, மோன்லேரி தடத்தில் அதே காரில் உயிரிழந்தார். நொறுங்கிய கார் சீரமைக்கப்பட்டு இத்தாலிக்காரர் பாவோலோ கொலம்போவிடம் போனது. அவர் 1963இல் மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டினார். அடுத்து எர்னெஸ்தோ பிரினோத். பிறகு 1965இல் ஃபாப்ரீட்சியோ வியோலாத்தி. அவர் 2010இல் இறக்கும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், விடவில்லை. 2014 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 3 கோடியே 81 லட்சம் டாலருக்குப் போனது.

இந்தச் சங்கிலியில் விட்டுப்போன மாதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது இன்னொன்றை. 1962 அக்டோபருக்கு முன்னும் பின்னும் இருப்பது ஒரே எண்தான், ஆனால் ஒரே தகடுகள் அல்ல. உரிமையாளர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே உடம்பின் பட்டியலும் ஓட வேண்டும்: எந்த ஆண்டு எந்தப் பகுதி மாறியது, யார் பட்டறையில், எந்த பில்.

புகைப்படம் என்ன செய்யும் என்பதற்கு 2935ஜிடி சாட்சி. பிரான்ஸில் ஒரு பண்ணையின் கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்தது. அவர் அதன் ஸ்டீயரிங் முன் அமர்ந்திருக்கும் 1960களின் படங்கள் இருந்தன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்க்யூரியால் ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. நடிகர் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் சான்று ஆகாது. கண்காட்சியிலும் உட்காரலாம், நண்பர் காரிலும் உட்காரலாம். படத்தை எடுத்துக்கொண்டு பிளேட், ஹெட்லைட் மூடி, பக்கவாட்டுக் காற்றுத்துளை, பம்பர், பதிவு வில்லை என்று ஒவ்வொன்றாக உங்கள் காரோடு பொருத்திப் பாருங்கள். பிளேட் தெரிந்தால் மீண்டும் பதிவேட்டுக்கு.

இடைவெளியோடு மல்லுக்கட்டுவது

இதுவரை சேர்ந்ததை ஒரு நீளமான தாளில் எழுதுங்கள். தேதி, பெயர், ஊர், பக்கத்தில் எதை வைத்துச் சொல்கிறோம் என்பது. இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள், தொழிற்சாலையிலிருந்து முன்னோக்கி, இன்றைய உரிமையாளரிடமிருந்து பின்னோக்கி. ஓரிடத்தில் இரண்டும் சந்திக்காமல் நிற்கும். அந்த இடத்தை நான் சிவப்புப் பென்சிலால் கட்டம் போடுவேன். இனி வேலை எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான்.

ஒரு கற்பனைக் காரை வைத்துக்கொள்வோம். 1966இல் போலோன்யாவில் ஏற்றுமதி என்று நீக்கம். அடுத்த காகிதம் 1971இல் ஓர் அமெரிக்கப் பட்டறையின் பில். ஐந்து ஆண்டு இருட்டு. விற்பவர் 'ஒரே ஒரு டாக்டர் வைத்திருந்தார்' என்பார். இந்தக் கார் உலகத்தில் டாக்டர்கள் எண்ணற்றவர்கள். நீங்கள் 1966இன் சர்வீஸ் பில்லைப் பாருங்கள், மீட்டர் 41,000 கிலோமீட்டர். 1971இன் பில்லில் 43,400. மெக்கானிக் மைல் என்று எழுதியிருப்பார், ஆனால் டாஷ்போர்டில் இருப்பது கிலோமீட்டர் காட்டும் வெக்லியா மீட்டர். அப்படியானால் ஐந்து ஆண்டில் ஓடியது 2,400 கிலோமீட்டர். கார் எங்கோ நின்றுகொண்டிருந்தது. கப்பல் ஆவணம், கிடங்கு வாடகை, கடன் கொடுத்த வங்கி, வாரிசு வழக்கு என்று தேடும் திசையே மாறிவிடுகிறது. சும்மா நின்ற காருக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் எங்கேயாவது காகிதமாக இருக்கும்.

இருட்டு சில சமயம் நேரடிப் பொருளிலேயே மண்ணுக்கடியில் இருக்கும். 1974இல் திருடு போன ஒரு டீனோ 246, 1978இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டு முற்றத்தில் புதைக்கப்பட்ட நிலையில் தோண்டி எடுக்கப்பட்டது. அந்தக் காரின் தாளில் நான்கு ஆண்டுக்கு உரிமையாளர் என்று யாரை எழுதுவது? இழப்பீடு கொடுத்த காப்பீட்டுக் கம்பெனியை.

சான்றுகளுக்கு எடை போடுங்கள். அரசுப் பதிவேடு முதலில். அடுத்து, அன்றே, ஆதாயம் எதுவும் இல்லாதவர் எழுதியது: பட்டறை பில், பந்தயப் பரிசோதனைத் தாள், தேதியிட்ட படம். அதற்கு வெகு கீழே பின்னாளைய நினைவு. அதற்கும் கீழே விற்பவரின் ஏலப் பட்டியல். ஒரு பட்டியலில் வந்த பிழையை அடுத்தது நகலெடுக்கும், அதை ஒரு புத்தகம் எடுக்கும், அந்தப் புத்தகத்தை மூன்றாவது பட்டியல் மேற்கோள் காட்டும். மூன்று ஆதாரம் போலத் தெரிவது ஒரே கிணற்றுத் தண்ணீர். ஊற்று எது என்று கேட்டுக்கொண்டே போங்கள். இட்டு நிரப்ப எதுவும் இல்லை என்றால் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். விவரம் தெரிந்த வாங்குபவர் காலிக் கட்டத்துக்குப் பயப்பட மாட்டார், பூசி மெழுகிய கட்டத்துக்குத்தான் பயப்படுவார்.

வில்லங்கம் உண்மையிலேயே இருந்தால்

1954ஆம் ஆண்டு ஃபெராரி 375 பிளஸ், எண் 0384ஏஎம். ஒஹையோவில் ஒருவர் பல ஆண்டுகள் வீட்டு வளாகத்தில் போட்டு வைத்திருந்தார். 1980களில் அங்கிருந்து திருடு போய், அதன் உடம்பு பெல்ஜியம் சேர்ந்தது. அங்கே வாங்கியவர் புதுப்பித்தார். அமெரிக்கக் குடும்பம் விடாமல் கோரியது. ஆண்டுக்கணக்கான சண்டைக்குப் பிறகு எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி, 2014இல் இங்கிலாந்தில் குட்வுட் ஏலத்தில் 1 கோடி பவுண்டுக்கு மேல் விற்றார்கள். அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. எனவே உரிமைச் சங்கிலியை வரைந்து முடித்ததும், ஒவ்வொரு கண்ணியிலும் 'விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா' என்று கேட்டுப் பாருங்கள். அங்கே காவல்துறைப் பதிவும் திருட்டு வாகனப் பட்டியல்களும் வழக்கறிஞரும் தேவை. என்னைப் போன்றவர் எழுதும் வழிகாட்டி போதாது.

கழன்று போன பாகமும் வில்லங்கம்தான். 2017இல் 4 கோடியே 40 லட்சம் டாலருக்குக் கைமாறிய ஒரு ஜிடிஓவின் அசல் கியர்பாக்ஸ் யார் கொடுக்க வேண்டும் என்று லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நொறுங்கிய காரின் சட்டத்தை ஒருவரும் இன்ஜினை இன்னொருவரும் வாங்கி, இருவருமே காரைக் கட்டியெழுப்பினால், ஒரே எண்ணுக்கு இரண்டு கார் நிற்கும். உங்கள் எண்ணைச் சொல்லி இன்னொரு கார் எங்கேயாவது விளம்பரமாகியிருக்கிறதா என்று பழைய இதழ்களில் ஒருமுறை துழாவிவிடுங்கள்.

கடிதம் எழுதுவது

காகிதம் தீர்ந்த இடத்தில் மனிதர்கள். பதிவேட்டில் கிடைத்த பெயருக்கு, அல்லது அவருடைய பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழியில், தபாலில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் திடீரென்று கூப்பிட்டால் தரகர் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். காரின் இன்றைய விலையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அப்பா சில ஆயிரத்துக்கு விற்றது இன்று கோடி என்று தெரிந்தால் பேச்சு அடைத்துப்போகும். இன்றைய காரின் படம் ஒன்றை உள்ளே வையுங்கள். யாரிடமிருந்து வாங்கினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், வீட்டில் பழைய படம் ஏதும் இருக்கிறதா, அவ்வளவே கேளுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் அதற்குக் கட்டுப்படுங்கள். காரை வைத்திருந்தவரை விட அதைப் பழுது பார்த்தவருக்கு ஞாபகம் அதிகம், அதையும் மறக்க வேண்டாம்.

நான் மேலே சொன்ன அந்த மொடேனாக் காருக்காக இப்படி ஏழு கடிதங்கள் போட்டேன். ஆறுக்குப் பதில் இல்லை. ஏழாவது, மறைந்துபோன ஒரு மெக்கானிக்கின் மகளுக்கு எழுதியது. இரண்டு மாதம் கழித்து ஓர் உறை வந்தது. கடிதம் இல்லை, ஓரம் பல் பல்லாக வெட்டிய ஒரு சின்னப் படம் மட்டும். பட்டறை வாசலில் கார், பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு அவருடைய அப்பா. அவர் தொடை பிளேட்டின் பாதியை மறைத்திருந்தது. மீதியில் தெரிந்தது 'பிஓ', பிறகு மூன்று இலக்கம். கார் போலோன்யாவுக்கும் போயிருக்கிறது, எனக்குத் தெரியாத ஒரு பிளேட்டோடு. மறைந்த இலக்கங்களைக் கண்டுபிடிக்க, அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.